தந்தை சொல் காத்த ஆட்டக்காரர்

நாகர் மலைகளில் சாங்கி என்பது ஒரு சிற்றூர். 1918ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 28ஆம் நாள் அங்கே பிறந்தார் தாலிமெரன் ஆவோ. அவருடைய தந்தையார் கிறித்தவ சமயப் பணியாளர். மகன் மருத்துவம் பயின்று தம் மக்களுக்குத் தொண்டாற்ற வேண்டும் என்பது அப்பெரியவரின் பெருவிருப்பம். 1935ஆம் ஆண்டில் டைபாய்டு காய்ச்சல் கண்டு அவர் மறைந்தார். அன்று பதினேழு வயதினரான மகன், தந்தையின் விருப்பத்தையே தம் வாழ்வின் நோன்பாக ஏற்றார்.

ஆயினும், பந்தின் மீதிருந்த காதலையும் அவர் துறந்தாரல்லர். கௌஹாத்தி காட்டன் கல்லூரியில் பயின்ற நாளில் மகாராணா கழகத்துக்கு ஆடினார். 1942இல் கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே புகழ்மிக்க மோகன் பகான் கழகம் அவரைத் தன் அணியில் ஏற்றது. பின்னர் அக்கழகத்தின் தலைவராகவும் அவர் விளங்கினார்.

அவர் ஆடிய இடம் நடுக்களம். கோல் அடிப்பவரை ஊரே அறியும். நடுக்களத்தாரின் உழைப்பை ஆட்டத்தின் நுட்பம் அறிந்தவரே அறிவர். எதிரணியின் தாக்குதலை இடையிலேயே முறித்தல், கைப்பற்றிய பந்தைத் தாமே வைத்துக்கொள்ளாமல் முன்னணியாருக்கு வழங்குதல், ஆட்டம் முடியும்வரை முன்னும் பின்னும் ஓடுதல் ஆகியவை அவர்தம் கடமை. பிறர் பெறும் வெற்றிக்காகத் தாம் உழைக்கும் பணி அது.

1948இல் இலண்டன் மாநகரில் ஒலிம்பிக் விழா நடந்தது. விடுதலை பெற்ற இந்தியா கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக் அதுவே. நம் கால்பந்து அணிக்குத் தலைமை தாங்கியவர் ஆவோ. தொடக்க விழாவில் நாட்டின் கொடியை ஏந்திச் சென்றவரும் அவரே. ஜூலை 31ஆம் நாள் பிரான்சு அணியை நம்மவர் எதிர்த்தனர். அவர்களுள் பலர் வெறுங்காலுடன் ஆடினர். பிரான்சு முதலில் ஒரு கோல் அடிக்க, சாரங்கபாணி ராமன் அதைச் சமன் செய்தார். நமக்குக் கிடைத்த இரண்டு பெனால்டி வாய்ப்புகளும் வீணாயின. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்சு மீண்டும் ஒரு கோல் அடித்து, 2-1 என்ற கணக்கில் வென்றது. தோற்றாலும் நம் வீரர் தலைகுனிய வேண்டிய ஆட்டமன்று அது.

தாயகம் திரும்பியபோது ஆவோவுக்கு வயது முப்பது. மருத்துவப் பட்டமோ இன்னும் கைக்கு வரவில்லை. புகழின் சுவை கண்டவர்க்குப் பாடநூல் கசத்தல் இயல்பு. அவருக்கோ கசக்கவில்லை. 1950இல் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றார். எட்டாண்டு உழைப்பின் பயன் அது. 1952இல் மோகன் பகானிடம் விடைபெற்றார். மறு ஆண்டு கோஹிமா மருத்துவமனையில் பணி ஏற்றார்.

கல்கத்தாவின் கைதட்டல் அம்மலைகளை எட்டாது. நோயாளிகளோ அங்கேதான் இருந்தனர். 1963இல் நாகாலாந்து தனி மாநிலமானது. அதன் சுகாதாரத் துறை இயக்குநராகவும் பணியாற்றி, 1978இல் ஓய்வு பெற்றார். 1998ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் மறைந்தார். அவருடைய நூற்றாண்டை ஒட்டி, 2018இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் தாங்கிய அஞ்சல் தலையை வெளியிட்டது.

மாலை மங்கிய பின்னும் பந்தை விட்டு வீடு திரும்பாத மைந்தரைக் கண்டு, படிப்புப் பாழாகுமே என்று கவலுறும் பெற்றோர் நம் குடியிருப்பில் பலர். அவர்கள் ஆவோவின் வரலாற்றை எண்ணிப் பார்த்தல் நன்று. ஆட்டம் அவர் படிப்பைக் கெடுக்கவில்லை; படிப்பும் ஆட்டத்தைக் கெடுக்கவில்லை. எது முடிவான கடமை என்பதை அவர் இளமையிலேயே தெளிந்திருந்தார். அத்தெளிவை நம் பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டால், அவர்கள் இன்னும் சிறிது நேரம் பந்தாடட்டும்.