கையால் சுற்றாமல் காரைக் கிளப்பியவர்

பனி கொட்டும் காலை நேரம். அமெரிக்காவில் ஒரு வீட்டு வாசலில் மோட்டார் கார் நிற்கிறது. ஆண்டு 1910.

காருக்குச் சொந்தக்காரர் உள்ளே ஏறி உட்காரவில்லை. காரின் முன்னால் போய் நிற்கிறார். ஓர் இரும்புக் கைப்பிடியைச் சொருகி, பலம் கொண்ட மட்டும் சுற்றுகிறார். என்ஜின் இருமுகிறது, உடனே நின்றுவிடுகிறது. மறுபடியும் சுற்றுகிறார்.

அந்தக் காலத்துக் கார்களைப் பெரும்பாலும் இப்படித்தான் கிளப்ப வேண்டும். குளிர்காலத்தில் தொல்லை அதிகம். குளிரில் என்ஜின் எண்ணெய் கெட்டியாகிவிடும். சுற்றக் கை வராது. பெட்ரோலும் எளிதில் ஆவியாகாது. ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தானே தீப்பிடிக்கும்?

ஆபத்தும் இருந்தது. தீப்பொறி சற்று முந்தி விழுந்தால், என்ஜின் எதிர்ப்பக்கமாக உதறும். கைப்பிடி திருப்பி அடிக்கும். மணிக்கட்டு முறியும், தாடை உடையும்.

இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டியவர் சார்லஸ் கெட்டரிங்.

கண் கோளாறு

கெட்டரிங் ஒரு விவசாயியின் மகன். ஒகையோ மாநிலத்தில் லூடன்வில் என்ற ஊருக்கு அருகே 1876-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி பிறந்தார்.

சிறு வயதிலேயே அவருக்குக் கண் கோளாறு. புத்தகத்தைப் பிடித்துப் படித்தால் தலைவலி வந்துவிடும். கல்லூரியில் சேர்ந்தும் படிப்பைப் பாதியில் விட நேர்ந்தது.

அவர் சோர்ந்துவிடவில்லை. டெலிபோன் கம்பி போடும் வேலைக்குப் போனார். குழி தோண்டினார், கம்பம் நட்டார். மின்சாரத்தைக் கைவேலையாகவே கற்றுக்கொண்டார். பிறகு கல்லூரிக்குத் திரும்பி, 1904-ல் என்ஜினீயர் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 27.

கடை இயந்திரம் தந்த யோசனை

டேட்டன் நகரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. கடைகளில் விற்பனைப் பணத்தைக் கணக்கிட்டு வைக்கும் இயந்திரங்களைச் செய்யும் கம்பெனி அது. அந்த இயந்திரத்தைக் கையால் சுற்ற வேண்டியிருந்தது. கெட்டரிங் அதற்கு ஒரு சிறு மின்சார மோட்டாரைப் பொருத்தினார்.

பின்னர் எட்வர்ட் டீட்ஸ் என்ற நண்பருடன் சேர்ந்து, 1909-ல் 'டெல்கோ' என்ற கம்பெனியைத் தொடங்கினார். அவர்களுடைய பட்டறை எது தெரியுமா? டீட்ஸ் வீட்டின் பின்புறமிருந்த கொட்டகை!

அப்போது கேடிலாக் கார் கம்பெனியின் தலைவராக இருந்தவர் ஹென்றி லேலண்ட். அவருடைய நண்பர் பைரன் கார்ட்டர், நின்றுபோன ஒரு காரைக் கிளப்ப உதவப் போய், கைப்பிடி அடித்துக் காயமடைந்து, பின்னர் இறந்தாராம். அந்தத் துயரம் லேலண்டை வாட்டியது என்று சொல்லப்படுவதுண்டு. கைப்பிடி இல்லாத கார் வேண்டும் என்று அவர் கெட்டரிங்கிடம் கேட்டார்.

என்ஜினைச் சுற்ற மிகப் பெரிய மோட்டார் வேண்டும், அதைக் காரில் வைக்கவே முடியாது என்று பலர் நினைத்தார்கள். கெட்டரிங் வேறு விதமாக யோசித்தார். கடை இயந்திரத்தின் மோட்டார் நாள் முழுவதும் ஓடுவதில்லை. ஒரு கணம்தான் ஓடுகிறது. ஒரு கணத்துக்கு மட்டும் என்றால், சிறிய மோட்டாரும் பெரிய சுமையைத் தாங்கும். காரைக் கிளப்பவும் சில விநாடிகள் போதுமே!

1911-ம் ஆண்டு பிப்ரவரியில் அவருடைய சாதனம் தயாரானது. 1912-ம் ஆண்டு கேடிலாக் கார்களில் அது இடம் பெற்றது. என்ஜின் ஓடத் தொடங்கியதும் அதே மோட்டார் டைனமோவாக மாறி, பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றியது.

கைப்பலம் இல்லாதவர்களும் இனி யார் உதவியுமின்றிக் காரைக் கிளப்பலாம். நம் ஊர் மெக்கானிக்குகள் 'செல்ப்' என்று சொல்கிறார்களே, அதன் தொடக்கம் இதுதான்.

தட்டும் ஓசை

அடுத்து இன்னொரு தொல்லை வந்தது. கார் மேட்டில் ஏறும்போது என்ஜினுக்குள் டக் டக் என்று தட்டும் ஓசை கேட்டது. இழுவையும் குறைந்தது. கெட்டரிங் செய்து கொடுத்த பாட்டரித் தீப்பொறி முறைதான் காரணம் என்று பழி சொன்னார்கள்.

அவர் கோபப்படவில்லை. காரணத்தைத் தேடினார். தாமஸ் மிட்ஜ்லி என்ற உதவியாளரை அந்த வேலையில் அமர்த்தினார். ஆராய்ந்து பார்த்ததில் உண்மை வெளிப்பட்டது. குற்றம் தீப்பொறியில் இல்லை, எரிபொருளில் இருந்தது!

நோய் தெரிந்தது. மருந்து? எத்தனையோ பொருள்களைக் கலந்து பார்த்தார்கள். 1921-ல் ஒரு ஈயக் கலவையைச் சேர்த்ததும் ஓசை அடங்கியது. 1923 முதல் அது விற்பனைக்கு வந்தது.

ஆனால் ஈயம் நஞ்சு. அது அப்போதே தெரிந்த விஷயம். 1924-ல் நியூஜெர்சி மாநிலத்தில் இந்தக் கலவையைச் செய்த தொழிலாளர் 5 பேர் இறந்தார்கள். டாக்டர்கள் எச்சரித்தார்கள். கெட்டரிங் விலகி நிற்கவில்லை. அதை விற்ற கம்பெனிக்கு அவரே தலைவராக இருந்தார்.

காரின் புகையோடு வெளியேறிய ஈயம் காற்றில் கலந்தது. குழந்தைகளின் மூளையைப் பாதித்தது. இந்தியாவில் 2000-ம் ஆண்டில் ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது. உலகில் கடைசியாக அல்ஜீரியா நாடு 2021-ல்தான் நிறுத்தியது.

கெட்டரிங் 1958-ம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி காலமானார். புற்றுநோய் ஆராய்ச்சிக்காக நியூயார்க்கில் 1945-ல் தொடங்கப்பட்ட நிலையம் அவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

பழி வந்தபோதும் பதறாமல் கோளாறின் வேரைத் தேடியவர் அவர். அதே பொறுமையோடு தம்முடைய மருந்தையும் சோதித்திருந்தால், எத்தனையோ குழந்தைகள் தப்பியிருப்பார்கள்.