கல்விச்சாலை கண்ட பாக்கியரெட்டி வர்மா

ஐதராபாத் மாநகரின் வடகிழக்கே ஏ.எஸ்.ராவ் நகர் என்னும் குடியிருப்பு உள்ளது. அங்கே காலை வேளையில் புத்தகப் பை சுமந்து பள்ளி செல்லும் சிறாரைக் காண்பவர்க்கு, ஒரு நூற்றாண்டுக்கு முன் இதே மாநகரில் கல்வி ஒரு சிலர்க்கே உரிய செல்வமாயிருந்தது என்பது கதை போலத் தோன்றும். அச்செல்வத்தை ஏழையர்க்கும் பொதுவாக்கப் பாடுபட்ட பெருமகனாரே பாக்கியரெட்டி வர்மா.

அன்னார் 1888ஆம் ஆண்டு ஐதராபாத்தில், தீண்டாதாரென ஒதுக்கப்பட்ட மாலர் குலத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பாகய்யா. 1906இல், இளைஞராயிருந்தபோதே ஜகன் மித்திர மண்டலியை நிறுவினார். கதைப்பாட்டு வாயிலாகவும் சொற்பொழிவு வாயிலாகவும் சேரி மக்களிடையே அறிவு பரப்பினார். 1911இல் அம்மண்டலி மான்ய சங்கம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. குடி, குழந்தை மணம், சிறுமியரைத் தெய்வத்தின் பேரால் பொட்டுக்கட்டி விடும் கொடுமை ஆகியவற்றை அச்சங்கம் எதிர்த்தது.

ஆயினும் அறியாமை நீங்காதவரை இத்தீமைகளின் வேர் அறாது என்பதை அவர் நன்குணர்ந்தார். 1910இல் இசாமியா பஜாரில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். நிஜாம் ஆட்சியில் அரசு மொழி உருது. இவர் பள்ளிகளிலோ பிள்ளைகள் தம் தாய்மொழியாகிய தெலுங்கில் பயின்றனர். பெற்றோர் கூலிக்குச் சென்றாலன்றி உலை கொதியாத வீடுகளிலிருந்து ஒரு பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்து வருதல் எளிதன்று. ஆசிரியர்க்கு மாதந்தோறும் ஊதியம் தேடுதல் அதனினும் அரிது. இவ்விரண்டையும் பொறுத்து, அவர் பள்ளிகளை இருபதுக்கு மேல் பெருக்கினார். 1930களில் நிஜாம் அரசே அவற்றை ஏற்று நடத்த முன்வந்தது. ஒதுக்கப்பட்டோர் தம் கையால் எழுப்பிய பள்ளி, பொதுப் பள்ளியாயிற்று.

1917இல் பெசவாடாவில் கூடிய பஞ்சமர் மாநாட்டிற்கு அவர் தலைமை தாங்கினார். பஞ்சமர் என்னும் இழிபெயர் ஆங்கே நீக்கப்பட்டு, ஆதி ஆந்திரர் என்னும் பெயர் ஏற்கப்பட்டது. 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ஐதராபாத் சமஸ்தானத்து ஒடுக்கப்பட்டோர் ஆதி இந்துக்கள் எனப் பதிவு பெற்றதும் அவர் முயற்சியின் பயனே.

சென்னையில் 1894இல் கர்னல் ஆல்காட்டு பஞ்சமர்க்கு இலவசப் பள்ளி கண்டார். 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அதே அறநெறி ஐதராபாத்திலும் ஒளி வீசியது. 1913இலும், பின்னர் 1937இலும் பாக்கியரெட்டி வர்மா புத்தர் பிறந்த நாளைக் கொண்டாடினார். குலம் கேளாது யாவர்க்கும் அறம் உரைத்த பெருமானை, குலம் கேளாது யாவர்க்கும் எழுத்தறிவித்தவர் போற்றியது பொருத்தமே.

1939இல் அன்னார் மறைந்தார். ஆறு முதல் பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகட்கும் கல்வி உரிமையென இந்திய நாடு சட்டம் இயற்றியது 2009இல். அது நடைமுறைக்கு வந்தது 2010இல். இசாமியா பஜாரில் அவர் பள்ளி திறந்து அப்போது சரியாக நூறாண்டு நிறைந்திருந்தது. அன்பர்களே, சட்டம் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. நம் தெருவில் பள்ளி செல்லாத பிள்ளை ஒன்று இருக்குமாயின், நாமும் காத்திருத்தல் தகாது.