அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா? காமராஜர் படித்த பள்ளி எது தெரியுமா?

மே மாதம் வந்தால் ஜலகண்டாபுரத்தில் தறி ஓட்டும் வீடுகளில் ஒரே பேச்சுதான். பிள்ளையை உள்ளூர் அரசுப் பள்ளியிலேயே விடலாமா, கடனை வாங்கியாவது தனியாரில் சேர்க்கலாமா? நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து விடுதிப் பள்ளிகள் பிளஸ் டூ ரேங்க் பட்டியலில் கொடிகட்டிப் பறந்த காலத்தை சேலம் வட்டாரம் இன்னும் மறக்கவில்லை.

அரசுப் பள்ளி என்றதும் நம் நினைவுக்கு வருபவர் காமராஜர். ஆனால் அவர் படித்தது அரசுப் பள்ளியில் இல்லை.

பிடி அரிசியில் நடந்த பள்ளி

1903 ஜூலை 15 அன்று விருதுநகரில் பிறந்தார் காமராஜர். அவர் படித்த சத்திரிய வித்தியாசாலை, ஊர் நாடார் சமூகம் நடத்திய பள்ளி. இன்றைய கணக்கில் தனியார் பள்ளிதான். ஆனால் கட்டணம் கிடையாது. வியாபாரிகள் மகமை கொடுத்தார்கள். வீடுகளில் தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைப் பள்ளிக்கென்று எடுத்து வைத்தார்கள். அரிசி கொடுத்த வீடுகளின் பிள்ளைகளே அங்கே படித்ததால், பாடம் ஒழுங்காக நடக்கிறதா என்று ஊரே கவனித்தது.

அப்படியும் காமராஜரால் படிப்பைத் தொடர முடியவில்லை. ஆறு வயதில் தந்தை குமாரசாமி இறந்தார். தாய் சிவகாமி அம்மாள் நகைகளை விற்று, அந்தப் பணத்தின் வட்டியில் குடும்பத்தை ஓட்டினார். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமா கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பள்ளி இலவசமாக இருந்தும் பையனால் படிக்க முடியவில்லை. ஃபீஸ் மட்டும் இல்லாமல் இருந்தால் போதாது என்பதை அவர் சொந்த வாழ்க்கையிலேயே பார்த்துவிட்டார்.

முதல்வர் ஆனதும் என்ன செய்தார்?

அவருக்கு முன் முதல்வராக இருந்த ராஜாஜி, சேலத்தில் வக்கீலாக இருந்தவர். சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். 1953இல் அவர் கொண்டுவந்த திட்டத்தில் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நாள்தான் வகுப்பு. மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். கட்டடமும் ஆசிரியரும் போதாத நிலையில், ஷிஃப்ட் முறையில் கூடுதல் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஆனால் நெசவாளி பிள்ளை தறிக்கே போகணுமா என்ற கேள்வி எழுந்தது. குலக்கல்வி என்று பெயர் வைத்து எதிர்த்தார்கள். 1954 ஏப்ரல் 13 அன்று முதல்வரான காமராஜர், சில வாரங்களிலேயே அதைக் கைவிட்டார்.

பிறகு கல்வித்துறை இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலுவுடன் சேர்ந்து ஊர் ஊராகப் பள்ளிகளைத் திறந்தார். 1956இல் மதிய உணவு தொடங்கியது. முதலில் ஊர் மக்களின் நன்கொடையில் நடந்த அதற்கு, பின்னர் அரசும் பணம் கொடுத்தது. ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி இறுதி வரை கட்டணம் இல்லை என்றானது.

தரம் என்ன ஆச்சு?

நியாயமான கேள்வி. வேகமாகத் திறந்த பள்ளிகளில் பல ஓராசிரியர் பள்ளிகள். ஒரே ஆள் நான்கைந்து வகுப்புகளைப் பார்த்தால் பாடம் எவ்வளவு நடக்கும்? இதைச் சரிசெய்ய 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பள்ளிக்கு என்னென்ன தேவை என்று பட்டியல் போட்டு, பெஞ்ச், கரும்பலகை, கட்டடம், நிலம் என்று ஊர்க்காரர்களே கொடுத்தார்கள். அதாவது விருதுநகரின் பிடி அரிசி முறையைத்தான் அரசுப் பணத்தோடு சேர்த்து மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார்கள்.

அப்போ இன்று எது உசத்தி?

வெறும் ரிசல்ட்டை வைத்து முடிவு செய்ய முடியாது. பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியவர்களை மட்டும் சேர்க்கும் பள்ளி, பிளஸ் டூவில் நல்ல மார்க் காட்டினால் அதில் பள்ளியின் பங்கு எவ்வளவு? வருகிற எல்லோரையும் சேர்க்கும் பள்ளியை அதோடு ஒப்பிடுவது சரியா? தமிழக அரசு 2017இல் ரேங்க் அறிவிப்பதையே நிறுத்தியது.

இந்தச் சிக்கலைத் தாண்டி ஒப்பிட்ட ஓர் ஆய்வு பக்கத்து மாநிலத்தில் நடந்தது. 2008இல் ஒருங்கிணைந்த ஆந்திரத்தின் 180 கிராமங்களில் அது தொடங்கியது. குலுக்கலில் தேர்வான அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிக் கட்டணத்தைக் கட்டினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், தெலுங்கிலும் கணக்கிலும் இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இந்தியில் மட்டும் தனியார் பள்ளிக்குப் போனவர்கள் முந்தினார்கள். அதே நேரம், ஒரு மாணவருக்குத் தனியார் பள்ளியில் ஆன செலவு அரசுப் பள்ளியில் ஆனதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆக, அரசு கூடுதலாகச் செலவழித்தும் அது வகுப்பறையில் முழுசாகப் பலன் தரவில்லை. பெற்றோர் நம்புகிற அளவுக்குத் தனியாரிலும் படிப்பு கூடவில்லை.

சேர்ப்பதற்கு முன் என்ன கேட்கலாம்?

காமராஜர் படித்த பள்ளியிலும் அவர் திறந்த பள்ளிகளிலும் பொதுவாக இருந்த மூன்று விஷயங்களைக் கேளுங்கள்.

ஒன்று, செலவை யார் ஏற்கிறார்கள்? ஃபீஸோடு வேன், சீருடை, டியூஷன் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். பாதியில் நிறுத்த வேண்டி வந்தால் எந்தப் பள்ளியில் சேர்த்தும் பயனில்லை.

இரண்டு, யாரையெல்லாம் சேர்க்கிறார்கள்? சுமாராகப் படிக்கும் பிள்ளையை ஒன்பதாம் வகுப்பில் டிசி கொடுத்து அனுப்பும் பள்ளியா, அல்லது தேற்றி விடும் பள்ளியா?

மூன்று, யார் கவனிக்கிறார்கள்? ஒரு நாள் நேரில் போங்கள். எல்லா வகுப்பிலும் ஆசிரியர் இருக்கிறாரா? மூன்றாம் வகுப்புப் பிள்ளையால் ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசிக்க முடிகிறதா? அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. பெற்றோராக நீங்களும் அதில் இடம்பெறலாம்.

காமராஜர் 1975 அக்டோபர் 2 அன்று மறைந்தார். அவர் பிறந்த நாள் இன்று கல்வி வளர்ச்சி நாள். 2024இல் அந்த நாளில்தான் அரசுப் பள்ளிகளில் இருந்த காலை உணவுத் திட்டம் ஊரகப் பகுதிகளின் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவானது. நிர்வாகம் தனியார், சம்பளம் அரசு என்று நடக்கும் பள்ளிகள் அவை. ஊர்க்காரர்கள் நடத்திய பள்ளியில் படித்தவரின் பிறந்த நாளுக்கு அது பொருத்தம்தான்.