பெஸ்டலாஸியும் பெற்றோரும்

ஒரு கலாசாலையின் பெருமையை அதன் மாடங்களாலும், தேர்வில் வென்றோர் தொகையாலும் அளப்பது உலக வழக்கு. ஆரம்பப் பாடசாலைக்கோ வேறோர் அளவுகோல் உண்டு. ஐந்து வயதுக் குழந்தையைக் கைப்பிடித்துக் கொணர்ந்து, அந்நியரொருவரிடம் ஒப்புவித்துத் திரும்பும் தாய், எத்தகைய நெஞ்சோடு வீடு திரும்புகின்றாள் என்பதே அவ்வளவுகோல். அவள் அச்சம் நீங்கித் திரும்புவாளாயின் அப்பாடசாலை வாழும். ஐயத்தோடு திரும்புவாளாயின் அங்கு எத்துணை நூல்கள் ஓதப்பெறினும் பயனில்லை. இவ்வுண்மையைத் தம் வாழ்நாள் முழுதும் துன்புற்று உணர்ந்தவர் சுவிட்ஜர்லாந்து தேசத்துப் பேராசானாகிய ஹைன்ரிக் பெஸ்டலாஸி என்பவர். அவர் வரலாற்றை, பெற்றோர்க்கும் அவர்க்கும் இருந்த தொடர்பு ஒன்றையே நூலாகக் கொண்டு, இங்குச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

பெஸ்டலாஸி 1746-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12-ஆம் நாள் சூரிச் நகரிற் பிறந்தார். அவர்தம் தந்தையார் ஒரு மருத்துவர். பிள்ளைக்கு ஐந்து வயது நிரம்பியபோது, 1751-இல், அவர் இறந்துபட்டார். இறக்குந் தறுவாயில் அவ்வீட்டுப் பணிப்பெண்ணாகிய பாபேலி என்பாளை அழைத்துத் தம் குடும்பத்தைக் கைவிடலாகாதென வேண்டினர். அவளும் அங்ஙனமே வாக்களித்து, தன் வாழ்வையே அவ்வீட்டிற்கு ஈந்தனள். தாயும் பணிப்பெண்ணும் வறுமையில் செட்டாக நடத்திய அவ்வில்லமே பெஸ்டலாஸிக்கு முதற் பள்ளியாயிற்று. அவருடைய பாட்டனார் ஹொங் என்னும் சிற்றூரில் குருத்தொண்டு புரிந்தவர். அவர் ஏழைகளின் குடில்தொறும் சென்று நலம் வினவும்போது பேரனும் உடன் செல்வதுண்டு. பிள்ளையை அறிய வேண்டின் அவன் வீட்டை அறிதல் வேண்டும் என்னும் கருத்து அவர் உள்ளத்தில் அந்நாளிலேயே வித்திடப்பட்டது போலும்.

1769-இல் அன்னா ஷுல்தஸ் என்னும் நங்கையை மணந்து, பிர் என்னும் ஊரின் அருகே நிலம் வாங்கி, அதற்கு நொய்ஹோப் எனப் பெயரிட்டு உழவு தொடங்கினார். உழவு கைகூடவில்லை. பின்னர் 1774-இல் அவ்விடத்திலேயே ஏழைப் பிள்ளைகட்கு ஓர் இல்லம் அமைத்து, நூற்றலும் நெய்தலும் உழுதலும் பயிற்றி, அவற்றினூடே எழுத்தும் எண்ணும் கற்பித்தார். பிள்ளைகளின் உழைப்பே அவ்வில்லத்தைத் தாங்குமென அவர் எண்ணியது தவறாயிற்று. புத்தாடை பெற்ற பிள்ளைகளைப் பெற்றோர் அழைத்துச் சென்றுவிடுதலும் நேர்ந்தது. மனைவியின் பொருளும் கரைந்தது. 1780-இல் இல்லம் மூடப்பட்டது. எனினும் அத்தோல்வியினின்றே 1781-இல் லீனார்டும் கெர்ட்ரூடும் என்னும் கதைநூல் தோன்றி, அவர் பெயரை ஐரோப்பா எங்கும் பரப்பியது. ஒரு கிராமத்துத் தாய் தன் மக்களை வளர்க்கும் முறையால் ஊர் முழுதும் திருந்துவதே அக்கதையின் சாரம்.

அவருடைய பேருழைப்பின் களம் ஸ்டான்ஸ் என்னும் ஊராகும். 1798-ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சுப் படை அந்நாட்டுப் பகுதியைத் தாக்கி, ஊரை எரித்து, பலரைக் கொன்றது. அநாதைகளான பிள்ளைகட்கு ஓர் இல்லம் அமைக்குமாறு புதிய அரசினர் பெஸ்டலாஸியை அனுப்பினர். 1799 ஜனவரியில், கன்னியர் மடத்தின் ஒரு பகுதியில், வேலை முற்றுப்பெறாத அறைகளில், பிள்ளைகள் வந்து சேர்ந்தனர். சொறியும் புண்ணும் நிறைந்த உடலினர், எலும்பும் தோலுமாயினர், அன்பான முகத்தைக் கண்டும் அஞ்சியவர். விரைவில் அவர் தொகை எண்பதளவாயிற்று. துணைக்கு ஓர் இல்லப் பணிப்பெண்ணையன்றி வேறெவரும் இலர். அவர்களோடு உண்டு, அவர்களோடு உறங்கி, அவர்கள் நோயுற்றபோது அருகிருந்து, இரவில் கடைசியாகப் படுத்துக் காலையில் முதலில் எழுந்தார்.

ஆயினும் அவ்வூர்ப் பெற்றோரும் உறவினரும் அவரை நம்பினாரல்லர். அவர்கள் கத்தோலிக்கர், இவரோ சீர்திருத்த சபையினர். தம் ஊரை அழித்த படைக்குத் துணையான அரசு அனுப்பிய மனிதர் இவர் என்பதே அவர் கண்ட காட்சி. தாய்மார் வந்து வாயிலில் அமர்ந்து பிள்ளைகளிடம் குறை கேட்பர். சிலர் உடையும் உணவும் பெற்றபின் பிள்ளையை அழைத்தேகுவர். பிச்சையெடுத்தால் வரும் வருவாய் நின்றதற்கு ஈடு கேட்டோரும் உளர். பெஸ்டலாஸி இவர்களை வெறுத்தாரல்லர். வெந்த புண்ணுடையார் தொடுங்கையை அஞ்சுதல் இயல்பன்றோ? அவர் வாதிடவில்லை, பிள்ளைகளின் முகமே விடை கூறுமெனக் காத்திருந்தார். இளவேனில் வந்தபோது அம்முகங்கள் மலர்ந்திருந்தன. அண்மையிலிருந்த ஆல்ட்டார்ப் நகர் தீக்கிரையானபோது, அங்குள்ள பிள்ளைகள் இருபதின்மரை ஏற்கலாமோவென அவர் தம் பிள்ளைகளையே வினவினார். உணவு குறையும், உழைப்பு மிகும், உடையைப் பகிர்தல் வேண்டும் என்பதையும் ஒளியாது கூறினார். அங்ஙனமறிந்தும் அவர்கள் ஒருமனதாய் அழைத்தனர். சில திங்களிலேயே விளைந்த விளைவு இது. ஆனால் ஜூன் மாதத்திலேயே படையினரின் மருத்துவமனைக்கென அக்கட்டடம் எடுத்துக்கொள்ளப்பட்டது. பெஸ்டலாஸி இரத்தம் உமிழும் நோயினராய் மலைப்புறத்து ஓய்விடம் சென்றார். ஆங்கிருந்து நண்பரொருவர்க்கு எழுதிய நீண்ட கடிதமே ஸ்டான்ஸ் வரலாற்றை நமக்குக் காத்துத் தந்தது.

அவ்வாண்டே புர்க்டோர்ப் நகரில், செருப்புத் தைப்பவரொருவர் நடத்திய ஏழையர் பள்ளியில் கற்பிக்க அவர்க்கு இடம் கிடைத்தது. ஐம்பத்து மூன்று வயதினர், கையெழுத்தும் செவ்விதன்று. புதிய முறையைச் சோதிக்க வேண்டின் செல்வர் தம் பிள்ளைகளிடம் சோதித்துக்கொள்ளட்டும் என அவ்வேழைப் பெற்றோர் சீறினர், பெஸ்டலாஸி வெளியேற்றப்பட்டார். இச்சீற்றத்திலும் ஒரு நியாயம் உண்டென்றே நாம் கருதுகின்றோம். தம் மக்களை எவரும் விளையாட்டுப் பொருளாக்கலாகாது என்னும் ஏழையின் மானம் அது. பின்னர்ச் சிறுபிள்ளைகள் வகுப்பொன்றில் அவர் எட்டுத் திங்கள் கற்பித்தபின், 1800 மார்ச்சில் நகரப் பள்ளிக் குழுவினர் வந்து ஆராய்ந்து, இத்துணை இளம் பிள்ளைகள் படிப்பிலும் எழுத்திலும் வரைதலிலும் எண்ணிலும் இவ்வளவு முன்னேறக்கூடுமென எதிர்பார்த்ததில்லை எனச் சான்றளித்தனர். வாதத்தால் பெறாத நம்பிக்கையைப் பிள்ளைகளின் வளர்ச்சி பெற்றுத் தந்தது. 1801-இல் கெர்ட்ரூட் தன் மக்கட்குக் கற்பிக்கும் விதம் என்னும் நூல், கடித வடிவில், வெளிவந்தது.

அவ்வாண்டே அவருடைய ஒரே மகன் யாக்கோபு இறந்தான் என்பதையும் இங்குக் கூறாது விடலாகாது. ரூசோவின் நூலிற் கொண்ட பற்றால், அம்மகனை முன்னாளில் புதுமுறையில் வளர்க்க முயன்று, 1774-இல் அம்முயற்சியை நாட்குறிப்பாகவும் எழுதினார். மகனோ பதினோராம் வயதிலும் செவ்வனே எழுதவறியாதிருந்தான். பின்பு வலிப்பு நோயால் நெடிது வருந்தினான். ஊரார் பிள்ளைகளை வாழ்வித்தவர் தம் பிள்ளையிடத்துத் தவறினார் என்பது கசப்பான உண்மை. அதனாலன்றோ, பிழை செய்த பெற்றோரை அவர் ஒருநாளும் இகழாது, தாமும் அவருள் ஒருவராய் நின்று பேசினார்!

1805-இல் இவர்டன் நகரத்துக் கோட்டையில் அவர் அமைத்த பாடசாலை இருபதாண்டு நிலைத்தது. ஜெர்மனி, பிரான்ஸ், இங்கிலாந்து முதலிய பல நாட்டுப் பிள்ளைகள் ஆங்கு வந்தனர். பரிசும் இல்லை, வரிசைப் பட்டமும் இல்லை, ஒருவனை மற்றொருவனோடு ஒப்பிடாது, அவனது நேற்றைய நிலையோடு ஒப்பிடுவதே அங்கு முறை. ஆசிரியர்கள் கூடி ஒவ்வொரு பிள்ளையைப்பற்றியும் அவரிடம் கூறுவர். மலைகட்கப்பாலிருந்த தாய்தந்தையர்க்கு அவர் கடிதங்கள் வரைந்தார். 1807-இல் பாடசாலையின் நிலையைப் பெற்றோர்க்கும் பொதுமக்கட்கும் விளக்கும் அறிக்கையொன்றும் அவர் பெயரால் வெளிவந்தது. பிற்காலத்தில், 1818-19-இல், கிரீவ்ஸ் என்னும் ஆங்கிலேய நண்பர்க்குத் தாய்மாரின் கடமைபற்றி முப்பத்து நான்கு கடிதங்கள் எழுதினார். அவை 1827-இல் லண்டனில் நூலாயின.

அவர் தந்த ஊக்கம் இனிப்புப் பூசிய சொல்லன்று. ஆண்டுதோறும் புத்தாண்டு நாளில் தம் இல்லத்தாரை ஒருங்கு கூட்டிப் பேசுவது அவர் வழக்கம். ஆசிரியரிடைப் பூசல் முளைத்த காலத்தே, 1808-ஆம் ஆண்டுப் புத்தாண்டில், தம் சவப்பெட்டியை அருகில் வைத்துக்கொண்டு, தம் குறைகளைத் தாமே எடுத்துரைத்தார். 1809-இல் அரசின் சார்பில் மூவர் வந்து பள்ளியை ஆராய்ந்தனர். அவர்தம் தீர்ப்பு அவர் விரும்பியவாறு அமையவில்லை. 1815-இல் மனைவியார் மறைந்தார். பூசல் தீயாய் வளர்ந்தது. 1825-இல் இவர்டன் பாடசாலை மூடப்பட்டது. எண்பதை அணுகிய முதியவர் நொய்ஹோப்புக்கே மீண்டு, 1827 பிப்ரவரி 17-இல் புருக் என்னும் ஊரில் உயிர் நீத்தார். பிர் ஊர்ப் பள்ளிக்கூடத்தருகே அவர் அடக்கம் செய்யப்பெற்றார். 1846-இல் அங்கு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. இரண்டாம் உலகப்போருக்குப்பின், 1946-இல், பல நாட்டு அநாதைக் குழந்தைகட்கென டிரோகனில் தொடங்கிய சிற்றூர் அவர் பெயரையே தாங்கியது.

அன்பர்களே, அவர் தொடங்கிய பள்ளிகள் யாவும் மூடப்பட்டன. அவர் தொடங்கிய எண்ணம் மூடப்படவில்லை. நம்மில் விடுதியில் உறைவோர் பலர். வீட்டிலிருந்து வரும் கடிதத்தை நாம் ஆவலோடு பிரிக்கின்றோம். நம்மைப்பற்றி வீட்டிற்குச் செல்லும் செய்தியை நம் பெற்றோர் எத்துணை ஆவலோடு எதிர்நோக்குவர் என்பதை நினைப்பது அரிது. நாளை நம்மிற் சிலர் சிற்றூர்ப் பாடசாலையில் தலைமையாசிரியராய் அமர்வோம். அன்று எழுத்தறியாத் தாயொருத்தி வாயிலில் நின்று தன் மகன் எப்படிப் படிக்கின்றான் என வினவுவாள். அவளை நிற்கவையாது இருக்கை தந்து, குறையை மறையாதும் நம்பிக்கையைக் கெடாதும் விடையிறுப்போமாயின், ஸ்டான்ஸ் நகரத்து மடத்து வாயிலில் பெஸ்டலாஸி காத்திருந்தது வீண்போகாது.