வால்வை எடுத்தெறிந்த வாத்தியார்

பாண்டி பெரிய மார்க்கெட்டில் எங்கப்பாவுக்குக் காய்கறிக் கடை. ஒருநாள் விடியற்காலை, மூட்டை ஏற்றி வந்த எங்கள் பழைய மொபெட் மணிக்கூண்டுப் பக்கம் இழுக்க முடியாமல் நின்றுபோச்சு. அன்றைக்குக் கடை திறக்கவே ஒன்பது மணி. பாதி வியாபாரம் போய்விட்டது. மெக்கானிக் அண்ணன் சைலன்சரைக் கழற்றி, எக்ஸாஸ்ட் போர்ட்டில் அடைத்திருந்த கரியைச் சுரண்டினார். வால்வு எங்கே என்று கேட்டேன். இந்த வண்டிக்கு வால்வே கிடையாது, பிஸ்டன்தான் கதவு என்று சிரித்தார். டிப்ளமோ படிக்கிற எனக்கு வெட்கமாகிவிட்டது. நூலகத்தில் தேடியபோதுதான் ஹ்யூகோ யுங்கர்ஸ் கிடைத்தார்.

1859 பிப்ரவரி 3 அன்று ஜெர்மனியில் பிறந்தவர். 1895இல் டெசாவ் நகரில் கம்பெனி தொடங்கி, குளியலறை வெந்நீருக்கு கேஸ் ஹீட்டர் செய்தார். 1897 முதல் 1912 வரை ஆகன் நகரில் பேராசிரியர். மரமும் துணியுமாக விமானம் கட்டிய காலத்தில், 1915இல் முழுக்க உலோகத்தாலேயே ஒன்றைப் பறக்கவிட்டார். அப்போது வயது 56!

அன்றைய விமான எஞ்சினுக்குப் பெரிய தலைவலி எக்ஸாஸ்ட் வால்வுதான். சூட்டில் சிவந்து, வளைந்து, எரிந்துபோகும். நடுவானில் அது போனால் ஆளும் போனான். சாம் ஹெரான் என்பவர் வால்வின் தண்டைக் குடைந்து உள்ளே சோடியம் வைத்தார். 98 டிகிரியில் உருகும் சோடியம், மேலும் கீழும் குலுங்கி, தலையின் சூட்டைத் தண்டுக்குக் கடத்திவிடும்.

யுங்கர்ஸ் வழியே வேறு. வால்வையே எடுத்துவிட்டார்! அவருடைய யூமோ 205 ஒரு டூ-ஸ்ட்ரோக் டீசல் எஞ்சின். 6 சிலிண்டர், 12 பிஸ்டன். ஒரு சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன் எதிரும் புதிருமாக ஓடும். ஒன்று காற்று வரும் துளையைத் திறக்கும். மற்றது புகை போகும் துளையைத் திறக்கும். புகைப் பக்கத்துப் பிஸ்டன் கொஞ்சம் முந்தி ஓடுவதால், புகை வெளியேற ஆரம்பித்த பிறகே புதுக்காற்று நுழையும்.

ஆனால் சூடு எங்கே போகும்? வால்வு பட்ட பாட்டை புகைப் பக்கத்துப் பிஸ்டன் பட்டது. போர் விமானத்தில் திடீர் திடீரென்று வேகம் மாற்றினால் எஞ்சின் தாங்கவில்லை. ஒரே சீராக ஓட்டினால் ராஜா. 1938இல் இரண்டு யூமோ 205 பூட்டிய டோர்னியர் கடல் விமானம், இங்கிலாந்துக் கரையிலிருந்து பிரேசில் வரை 8,391 கிலோமீட்டர் நிற்காமல் பறந்தது.

அதைப் பார்க்க அவர் இல்லை. 1933இல் ஆட்சிக்கு வந்த நாஜிகள் மிரட்டி, காப்புரிமைகளையும் கம்பெனியையும் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்காவலில் வைத்தார்கள். 1935இல், தமது 76-வது பிறந்தநாளன்றே கண்மூடினார். அதன் பின் வந்த ஸ்டூகா குண்டுவீச்சு விமானத்துக்கும் அவர் பெயர்தான். கேட்க அவர் இல்லை.

நண்பர்களே! பழுதாகும் பாகத்தை பலப்படுத்துவது ஒரு வழி. அது வேண்டுமா என்றே கேட்பது இன்னொரு வழி. வேண்டாமென்று எடுத்தால், அதன் சுமை எங்கே போய் உட்காரும் என்றும் பார்க்கணும். இப்போது மாதம் ஒருமுறை கரியை நானே சுரண்டுகிறேன். அப்பா கடை நேரத்துக்குத் திறக்கிறது.