சர் ஜேம்ஸ் மெக்கன்சி

நோயாளியின் கையைப் பற்றி நாடி பார்த்தல் மருத்துவத்தில் மிகப் பழைய வழக்கம். அந்நாடியின் நடையைத் தாளிற் பதித்து, அதன்வழி இதயத்தின் இயல்பை உலகிற்கு உணர்த்திய பெருமக்களுள் ஒருவர் ஜேம்ஸ் மெக்கன்சி ஆவார்.

இவர் ஸ்காட்லாந்து நாட்டில் ஸ்கோன் என்னும் ஊரில், 1853ஆம் ஆண்டில் உழவர் குடியிற் பிறந்தார். இளமையில் மருந்துக் கடையொன்றில் தொழில் பயின்றார். பின்னர் மருத்துவக் கல்வியில் வேட்கை மிக்கு, எடின்பரோப் பல்கலைக்கழகத்திற் கற்று, 1878இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டு இங்கிலாந்தில் பர்ன்லி என்னும் நெசவாலை நகரிற் பொது மருத்துவராக அமர்ந்தார்.

அங்கு இதயநோயுற்ற இளம்பெண் ஒருத்தி மகப்பேற்றின்போது உயிர்நீத்தாள். வரவிருந்த இடரை முன்னரே அறிய இயலாமற் போயிற்றே என்று மெக்கன்சி உள்ளம் நைந்தார். நூல்களை ஆராய்ந்தார், தெளிந்த விடை கிடைத்திலது. ஆகவே, நோயாளிகளையே நூலாகக் கொண்டு கற்கத் தொடங்கினார்.

கழுத்து நாளத்தின் துடிப்பையும் மணிக்கட்டு நாடியின் துடிப்பையும் ஒருங்கே தாளில் வரையும் கருவியொன்றை, கடிகாரத் தொழிலாளர் ஒருவர் துணைகொண்டு அமைத்தார். ஒரே நோயாளியைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கண்டு குறிப்பெழுதினார். நாடி இடையிடையே தவறித் துடிப்பின், நலமுடைய இளைஞரையும் படுக்கையிற் கிடத்துதல் அக்கால வழக்கம். அத்தகையோர் பலர் யாதொரு தீங்குமின்றி நெடுங்காலம் வாழ்தலை மெக்கன்சி கண்டார். துடிப்பின் பிறழ்ச்சி மட்டுமே நோயாகாது. இதயம் தன் பணியைச் செய்யும் ஆற்றலே நோக்கத்தக்கது என்று நிறுவினார். அதனால், வீண் அச்சத்தால் முடங்கிக் கிடந்தோர் தத்தம் தொழிலுக்கு மீண்டனர்.

நாடியைப் பற்றி 1902இலும் இதய நோய்களைப் பற்றி 1908இலும் அவர் நூல்கள் இயற்றினார். 1907இல் லண்டன் மாநகர் சென்று பெரும்புகழ் எய்தினார். 1915இல் சர் பட்டமும் பெற்றார். எனினும், நோயின் தொடக்கத்தைக் காண வல்லவர் மக்களோடு பழகும் ஊர் மருத்துவரே என்று கருதி, பொருள் மிகுந்த அத்தொழிலைத் துறந்து, செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1919இல் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவினார்.

பிறர் இதயத்தைப் பேணிய அவரையும் இதயநோய் பற்றியது. 1925ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவர் மறைந்தார். அவர் விரும்பியவாறே, உடன் தொழில் புரிந்த மருத்துவர்கள் அவருடைய இதயத்தை ஆராய்ந்தனர். ஓர் ஏழைத் தாயின் இறப்பைக் கண்டு எழுந்த இரக்கம் அறிவாக வளர்ந்து, எண்ணற்றோர் உயிர் காக்கத் துணையாயிற்று. இரக்கமும் இடையறாத உழைப்பும் ஒருங்கு சேரின் எய்தற்கரியது யாது?