கம்பனை விடாத யாத்திரிகர்

திருநெல்வேலிச் சீமையின் கரையிருப்பில், கம்பராமாயணம் ஒலித்த வைணவ வேளாளர் இல்லத்தில் 1827இல் பிறந்தவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. 1853இல் சாயர்புரம் கிறித்தவக் கல்விக்கூடத்தில் தமிழாசிரியராய் அமர்ந்தார். ஊதியத்திற்காகச் சென்றாரேயன்றி வேதம் கேட்கச் சென்றாரல்லர். புதிய சமயத்தின் மேல் வெறுப்பே மிகுந்திருந்தது.

நெஞ்சு ஒரே நாளில் நெகிழ்ந்துவிடவில்லை. நண்பர் தனக்கோடி ராஜுவும் தம்பி முத்தையா பிள்ளையும் முன்னே சென்றனர். இவர் பயின்றார், வாதிட்டார், அஞ்சினார். சுற்றத்தை இழப்பது அக்காலத்தில் பாதி உயிரை இழப்பது. ஆயினும் 1858இல், மயிலாப்பூர் தூய தோமா ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்று ஹென்றி ஆல்பிரட் ஆனார். சென்னையில் பெர்சிவலின் தினவர்த்தமானி இதழிலும் பணியாற்றினார்.

தெய்வம் மாறியது; செவியில் நின்ற கம்பன் மாறவில்லை. இதுவே கவிஞர் கருதத்தக்கது. பெட்ஃபோர்டு சிறைவாசியான ஜான் பன்யன் 1678இல் உரைநடையில் வெளியிட்ட பயணக் கதையை, பருவமும் படலமுமாக 3,700க்கும் மேற்பட்ட விருத்தங்களில் வளர்த்தார். மூலத்தில் இல்லாத கிறிஸ்துவின் பாடுகளைக் குமார பருவத்தில் சேர்த்தார். மொழிபெயர்ப்பென்று அந்நூலை ஒதுக்குவோர் அப்பகுதியைப் படித்திலர் போலும். நற்போதகம் இதழில் பல்லாண்டு தொடர்ந்து வந்த இரட்சணிய யாத்திரிகம், 1894இல் நூலாயிற்று.

அதனிடையே அமைந்த இசைப்பாக்களுக்கு அவர் இட்ட பெயர் தேவாரம். 1899இல் இரட்சணிய மனோகரம் வந்தது. மறு ஆண்டு அவர் மறைந்தார். தமிழ்த் திருச்சபைகளில் அவருடைய பாடல்கள் இன்றும் ஒலிக்கின்றன.